ஹரோவில் இடைத்தேர்தல்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான் ஓட்டுப் போடலாமா?

காவிரிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருச்சி. லண்டனில் உள்ள ஹரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கில்டு ஒர்க்கர் விசா, மனைவி என்னுடைய டிபெண்டன்ட். போன வாரம் எங்கள் இருவர் பெயருக்கும் போலிங் கார்டு தபாலில் வந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் ஒருவர் பதவி விலகிவிட்டாராம், வரும் வியாழக்கிழமை இடைத்தேர்தல். குடிவந்த புதிதில் வாக்காளர் பதிவுக்கு என்று வந்த கடிதத்தைப் பார்த்து ஆன்லைனில் விவரம் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. தேசியம் என்ற இடத்தில் இந்தியர் என்றுதான் போட்டேன்.

கூட வேலை பார்க்கும் ஒருவர், "இது தப்பா வந்திருக்கும். ஓட்டுப் போட்டா நாளைக்கு ஐஎல்ஆருக்கு, அதான் இங்கேயே நிரந்தரமா தங்குற அனுமதிக்கு, அப்ளை பண்றப்ப பிரச்சினையாகும், கிழிச்சுப் போடு" என்கிறார். எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை. இன்னொரு குழப்பம்: மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் அவள் அப்பா பெயர். வாக்காளர் பதிவில் என் பெயரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கென்டன்வாசி:

போடலாம். நானும் இந்தியப் பாஸ்போர்ட்தான், போட்டிருக்கிறேன். அதன் பிறகுதான் ஐஎல்ஆரும் வாங்கினேன். விவரமாகச் சொல்ல நம் அக்கா வருவார்.

பென்சில் அக்கா:

தம்பி, கார்டைக் கிழிக்க வேண்டாம். தப்பாக வரவில்லை, உங்களுக்கு உரியதுதான் வந்திருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து முப்பது வருடமாகிறது. தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் எழுத்தராகப் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். நாங்கள் ஆறேகாலுக்கே போய் மேசை போட்டு, மறைப்புக்குள் பென்சிலை நூலில் கட்டி வைப்போம். இரவு பத்து மணி வரை அந்த நாற்காலிதான். உங்களைப் போலக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே தயங்கி நிற்கிற நம் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் இங்கிலாந்தில் சட்டப்படி தங்கியிருந்து, 18 வயது நிரம்பி, பதிவும் செய்திருந்தால் ஓட்டுப் போடலாம். கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் அலுவலகத்தில் நேபாள நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு இது கிடையாது, நேபாளம் காமன்வெல்த்தில் இல்லை. சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தினீர்கள் என்பதற்காக ஐஎல்ஆரை யாரும் மறுக்க முடியாது. தேசியத்தை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள், அது போதும்.

அடுத்தது அடையாள அட்டை. 2023 மேயில் இருந்து கவுன்சில் தேர்தலுக்குப் படம் உள்ள அட்டை கட்டாயம். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். காலாவதியாகி இருந்தாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். இந்த நாட்டு டிரைவிங் லைசென்ஸும் செல்லும், இந்திய லைசென்ஸ் செல்லாது. லண்டன் பஸ், ரயிலில் போகப் பெரியவர்கள் வைத்திருக்கும் 60 பிளஸ் ஆய்ஸ்டர் கார்டு செல்லும், மாணவர்களின் ஆய்ஸ்டர் செல்லாது. ஒன்றுமே இல்லாதவர்கள் வாக்காளர் சான்று ஒன்றுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்தலுக்கு ஆறு வேலை நாள் முன்னதாக மாலை ஐந்து மணிக்குள் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது தங்கச்சியின் பெயர். எங்கள் மேசையில் நம் ஆட்களுக்கு வருகிற பெரிய சிக்கலே இதுதான். அப்பா பெயர், கணவர் பெயர், இனிஷியல், எது முன்னால் எது பின்னால் என்று ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு மாதிரி இருக்கும். எழுத்து ஒன்றிரண்டு மாறினால் சமாளிக்கலாம். சர்நேமே வேறு என்றால் கேள்வி வரும். ஒருமுறை ஒரு பிள்ளை வந்தாள். பதிவில் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். தலைமை அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒருவர்தான் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் முகம் சுருங்கிப்போய்த் திரும்பி நடந்தாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு, மழையில் நனைந்த ஜாக்கெட்டுக்குள் இருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட திருமணச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். சீட்டு கொடுத்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி அந்த அலைச்சல் பட வேண்டாம். பாஸ்போர்ட்டோடு திருமணச் சான்றிதழையும் முதலிலேயே எடுத்துப் போகச் சொல்லுங்கள். பிறகு ஆறுதலாகப் பதிவைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே விரலில் மை வைக்க மாட்டார்கள், மெஷினும் இல்லை. காகிதமும் பென்சிலும்தான். இடைத்தேர்தலில் ஓர் இடம் காலி என்றால் ஒரே ஒரு பெருக்கல் குறி. எங்கள் ஊர் ஜனாதிபதித் தேர்தல் பழக்கத்தில் சிலர் 1, 2, 3 என்று எழுதிவிடுவார்கள், அது சந்தேகச் சீட்டு என்று தனியே போய்விடும். கையெழுத்துப் போட்டால் செல்லாமலே போகும். வாசலில் கட்சி ரோசெட் (ரிப்பன் பூ) குத்திக்கொண்டு யாராவது உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓர் இடத்தால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். ஹரோவில் 22 வார்டு, 55 கவுன்சிலர்கள். 2022இல் கன்சர்வேட்டிவ் 31, லேபர் 24. ஓர் இடம் கைமாறினால் அந்தக் கணக்கு புரளாதுதான். ஆனால் 2017இல் நார்தம்பர்லேண்டில் சவுத் பிளைத் வார்டில் கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் இரண்டு பேருக்கும் சரிசமமான ஓட்டு விழுந்தது. மறுபடி எண்ணியும் மாறவில்லை. கடைசியில் குச்சி இழுத்துத்தான் முடிவு செய்தார்கள், லிபரல் டெமாக்ரட் ஜெயித்தார். அதனால் கன்சர்வேட்டிவ் கட்சி 67இல் 33 இடத்தோடு நின்று, பெரும்பான்மைக்கு ஒன்று குறைந்து போனது. அந்த வார்டில் அன்று வீட்டில் இருந்துவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். இடைத்தேர்தலுக்கு வருகிறவர்களே குறைவு, உங்கள் வீட்டு இரண்டு ஓட்டும் அங்கே கனமானவை.

ரொட்டிக்கடைத் தெரு:

அக்கா சொன்னதோடு ஒன்று. இடைத்தேர்தல் தானாக வராது. இடம் காலி என்று ஆன பிறகு அந்தப் பகுதி வாக்காளர்கள் இரண்டு பேர் எழுதிக் கேட்க வேண்டும், அதிலிருந்து 35 வேலை நாளுக்குள் நடத்தியாக வேண்டும். ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராமலிருந்து, அனுமதியும் வாங்காவிட்டால் கவுன்சிலர் பதவி போய்விடும்.

நான் லண்டனில் வேறு பரோ, அதாவது வேறு கவுன்சில் பகுதி. எங்கள் வாடகை வீட்டில் குழந்தை படுக்கிற சுவர் முழுக்கப் பூஞ்சை. ஏஜென்ட் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார், மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. வார்டு கவுன்சிலர் சனிக்கிழமை நூலகத்தில் ஆட்களைச் சந்திப்பார் என்று கேள்விப்பட்டு, போட்டோக்களோடு போனேன். பத்து நாளில் கவுன்சிலில் இருந்து ஈரம் அளக்கும் கருவியோடு ஆள் வந்தார். யார் கவுன்சிலர் என்பது எனக்கு அன்றுதான் பெரிதாகத் தெரிந்தது.

பென்சில் அக்கா:

இன்னொன்று மறந்துவிட்டேன். தபால் ஓட்டு வைத்திருக்கும் பெரியவர்களின் உறைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். 2024 மேயில் இருந்து சாவடியில் உங்களுடையதைத் தவிர ஐந்து பேருடையதைத்தான் கொடுக்கலாம், அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

காவிரிக்கரை:

அக்கா, போட்டுவிட்டோம்! வேலை முடிந்து ஆறரைக்குப் போனோம். சர்ச் ஹாலில் எங்களுக்கு முன்னால் இரண்டே பேர். மனைவி கல்யாணச் சான்றிதழை ஃபைலோடு கொண்டுவந்தாள். அதிகாரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவள் பெயரை உரக்க வாசித்துப் பட்டியலில் கோடு போட்டார்கள். மறைப்புக்குள் போனவள் வெளியே வர நேரமானது. என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆறு பேர் பெயரையும் கட்சியையும் முழுக்கப் படித்துவிட்டுப் போட்டாளாம்.