புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் நல்ல விலைக்குப் போயிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, 2016 ஸ்விஃப்ட் டீசலுக்கு மதுரை டீலர் 3.40 லட்சத்துக்கு மேல ஏற மாட்டேங்குறார், என்ன பண்ணலாம்னு? வித்தாச்சு. 4.05 லட்சம். வாங்கினது திருமங்கலத்துல கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன்.

விலையை ஏத்தினது பாலிஷ் இல்ல, பேப்பர்தான். லோன் முடிஞ்சும் ஆர்சியில பேங்க் பேர் இருந்துச்சு. நீங்க சொன்னபடி என்ஓசியும் (லோன் பாக்கி இல்லன்னு பேங்க் தர்ற லெட்டர்) ஃபார்ம் 35-ம் (பேங்க் பேரை நீக்கக் கேக்குற ஃபார்ம்) கொடுத்து அந்தப் பேரை எடுத்த பிறகுதான் நேரடியா வாங்குறவங்க பேசவே வந்தாங்க.

அண்ணன் கூட்டிட்டு வந்த மெக்கானிக் காலையில இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஆயில் மூடியைத் திறந்து புகை வருதான்னு பார்த்தார். டிக்கி மேட்டைத் தூக்கி வெல்டிங் தடம் தேடினார். சர்வீஸ் பில்லை வரிசையா நீட்டினதும், "நல்லா வச்சிருக்கீங்க தம்பி"ன்னார். அப்புறம் பேரம் பத்தாயிரத்துலயே முடிஞ்சிருச்சு.

விக்கிறவங்க கவனிங்க: பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டதோட விட்டுறாதீங்க. ஆர்சியில பேர் மாறுற வரைக்கும் ரெக்கார்டுல நீங்கதான் ஓனர். விபத்துன்னா நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். இன்ஷூரன்ஸ் என்சிபியும் (க்ளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) உங்களோடது, வண்டியோட போகாது. சர்டிபிகேட் வாங்கி அடுத்த காருக்கு வச்சுக்கலாம்.

பேர் மாத்த அப்ளை பண்ணியாச்சு. என்ஓசி யோசனை சொன்னவங்களுக்கு மனசார நன்றி.