ஆறு பேர், ஒன்பது இரவு, பாலைவனப் பூங்காக்கள்: ஆர்.வி.யா, வேனும் ரூமுமா?

தேரிக்காட்டான்:
ஊரிலிருந்து அப்பா அம்மா அமெரிக்காவுக்கு எங்களிடம் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு (9 வயது, 5 வயது). ஜூன் கடைசி வாரம் லாஸ் வேகஸில் இறங்கி ஸயான், பிரைஸ், மோவாப் பக்கம் ஆர்ச்சஸ், மானுமெண்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, மறுபடி வேகஸ். 28 அடி ஆர்.வி. (அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. வேன் எடுத்து அங்கங்கே ரூம் போடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது, அதுதான் என் பக்கம் இருக்கிற ஒரே வாதம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசச்சட்டி:
ஆர்.வி. எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நாங்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமனார் மாமியாரோடு கிட்டத்தட்ட இதே சுற்றுதான் போனோம். மாமியாருக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் 140 மைல், வெயிலில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, அந்த வழியில் வண்டிக்குள்ளேயே பாத்ரூம் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேஸ் அடுப்பு இருக்கிறது, கரண்ட் தேவையில்லை. காலையில் ஒரு குக்கர் சோறு, மிளகு ரசம், வறுத்த அப்பளம். மதியம் பிரைஸ் பார்க்கிங்கிலேயே சன்னலைத் திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டோம். அந்தச் சிவப்புத் தூண்களையும் ஊறுகாயையும் ஒன்றாகப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ரூம் போட்டால் தினமும் பெட்டி கட்டி, பெட்டி அவிழ்த்து, காலை ஏழு மணிக்கு ஓட்டல் பான்கேக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மைல்கல்:
மேலே சொன்னது அவ்வளவும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது நடப்பது. ஓட்டும்போது என்ன ஆகிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய சுற்று சுமார் 1200 மைல். அந்த அளவு ஆர்.வி. கேலனுக்கு ஒன்பது மைல் கொடுத்தால் பெரிய விஷயம், அப்படியென்றால் 133 கேலன். வேன் கேலனுக்கு 25 கொடுத்தால் 48 கேலன். கேலன் நாலு டாலர் என்று வைத்தாலே பெட்ரோலில் மட்டும் 340 டாலர் வித்தியாசம். வாடகைக்கு மேல் மைலுக்குத் தனிக் காசு, ஜெனரேட்டர் ஓடினால் மணிக்குத் தனிக் காசு, இரவு நிறுத்த இடத்துக்குத் தனிக் காசு. ரூம் வாடகை மிச்சம் என்கிற கணக்கு இங்கேயே பாதி கரைந்துவிடும்.

காசை விடுங்கள், பாதையைப் பாருங்கள். ஸயானிலிருந்து பிரைஸ் போகிற நேர் வழியில் 1930-ல் திறந்த ஒரு மலைச் சுரங்கப்பாதை இருக்கிறது, 1.1 மைல் நீளம். அதை வெட்டிய காலத்தில் ஆர்.வி. என்று ஒன்று வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ரொம்ப நாளாக 15 டாலர் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்திவைத்து, பெரிய வண்டிகளை நடுக்கோட்டில் விட்டார்கள். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளை அந்தச் சாலையிலேயே விடுவதில்லை என்று பூங்கா அறிவித்திருக்கிறது. அகலம் 7 அடி 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் பார்த்து வைத்திருக்கிற வண்டி எட்டு அடிக்கு மேல் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். ஆகவே சுற்றித்தான் போக வேண்டும். சீசனில் ஸயான் பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டியே போக முடியாது, ஷட்டில் பஸ்தான். பிரைஸிலும் ஷட்டில் ஓடுகிற நேரத்தில் 23 அடிக்கு மேல் உள்ள வண்டியை முக்கியமான காட்சி முனைகளில் நிறுத்த விடமாட்டார்கள். மானுமெண்ட் வேலியின் 17 மைல் மண்சாலையில் ஆர்.வி.க்கு அனுமதியே இல்லை, அந்த நிலத்துப் பூர்வகுடிகளான நவஹோக்காரர்களின் ஜீப்பில்தான் ஏற வேண்டும். எந்த இடத்தைப் பார்க்கப் போகிறோமோ அந்த இடத்தின் வாசலிலெல்லாம் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்றால் அந்த வண்டி எதற்கு?

கூடாரக்காரன்:
இரண்டு பேரும் காசு காசு என்கிறீர்கள். யூட்டாவில் பி.எல்.எம். நிலம் (மத்திய அரசின் பொது நிலம்) எத்தனை கிடக்கிறது, பல இடங்களில் 14 நாள் வரை சும்மா தங்கலாம். மோவாப் பக்கம் ஒரு காய்ந்த ஓடைப் படுகையில் கூடாரம் போட்டு நான் பார்த்த நட்சத்திரங்களை எந்த ஓட்டலும் தராது.

மைல்கல்:
தம்பி, காய்ந்த ஓடையில் படுக்கச் சொல்லி 71 வயதுக்காரருக்கு யோசனை சொல்கிறீர்களா? 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் அருகே ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை, பல மைல் தள்ளிப் பெய்த மழை பாறைச் சந்துக்குள் சுவர் மாதிரி வந்தது. ஜூலை பிறந்தால் அங்கே மழைக்காலம். ஓடை காய்ந்திருப்பதால் அது ஓடை இல்லை என்று ஆகிவிடாது.

கூடாரக்காரன்:
சரி, ஓடையை விட்டுவிடுங்கள். நட்சத்திரம் நட்சத்திரம்தான். உலகத்தின் முதல் சர்வதேச இருள்வான் பூங்கா (2007) அந்தப் பக்கத்து நேச்சுரல் பிரிட்ஜஸ்தான், யாரும் அதைத் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை.

ரசச்சட்டி:
மைல்கல், நீங்கள் சொன்ன தடைகள் எல்லாம் உண்மை, நாங்களும் பார்த்தோம். ஆனால் வேனில் வந்தவர்களுக்கும் அதே ஷட்டில் பஸ்தான். ஸயானில் காலை எட்டரைக்கு மேல் வேனை நிறுத்த இடம் தேடி எத்தனை பேர் ஊருக்குள் சுற்றுகிறார்கள் தெரியுமா? நாங்கள் பூங்காவுக்கு உள்ளேயே வாட்ச்மேன் என்கிற முகாமில் கரண்ட் உள்ள இடம் ஆறு மாதத்துக்கு முன்பே பிடித்து வைத்திருந்தோம். நடந்து போய் முதல் பஸ்ஸில் ஏறினோம். கிராண்ட் கேன்யனில் டிரெய்லர் வில்லேஜ் என்கிற ஆர்.வி. முகாம் விளிம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் உண்டு, பஸ் வாசலுக்கு வருகிறது. மதியம் வெயில் ஏறினால் வந்து ஏ.சி. போட்டு ஒரு தூக்கம். மாமனார் தினமும் அதைத்தான் செய்தார். ஓட்டலில் மதியம் ரூம் கொடுப்பார்களா? ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் களைப்பாக இருந்தால் பின்னால் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம்.

மைல்கல்:
கடைசி வரிக்காகவே திரும்ப எழுதுகிறேன். ஓடுகிற வண்டியில் யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது. எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். இன்னொன்று, கேள்வி கேட்டவர் கவனிக்கவும்: அஞ்சு வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர் (உயர்த்தி உட்காரவைக்கிற பிள்ளை சீட்) என்றால் தோள் பெல்ட் வேண்டும். நிறைய ஆர்.வி.களில் சாப்பாட்டு மேசை பெஞ்சில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்கும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும் உள்ள இருக்கையில் பிள்ளை சீட்டைக் கட்டவே கூடாது. ஆறு பேர் தூங்கலாம் என்று விளம்பரத்தில் போடுகிறான், ஆறு பேர் பத்திரமாக உட்காரலாம் என்று போடுகிறானா பாருங்கள்.

அப்புறம் கழிவு. ஆறு பேருக்குத் தண்ணீர்த் தொட்டி 40 கேலன், அதாவது 150 லிட்டர். நம் ஆட்கள் குளிக்காமல் இருப்பார்களா? ஒன்றரை நாள் தாண்டாது. பிளாக் டேங்க், அதாவது கக்கூஸ் கழிவுத் தொட்டி, நிறைந்தால் கையுறை மாட்டிக் குழாய் இழுத்து யார் நிற்கப் போகிறார்கள்? நான்தான் நின்றேன், பெண்டாட்டி பிள்ளைகள் இருபதடி தள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இதோடு ஒரு பெட்ரோல் பங்க் கூரையில் மேலே இடித்து ஏ.சி. மூடியைப் பெயர்த்தேன். கூரைச் சேதம் இன்சூரன்ஸில் வராது என்பதை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள்.

ரசச்சட்டி:
பெல்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், மாமியார் படுத்துக்கொண்டு வந்தார், தப்புதான். கூரையை நீங்கள் இடித்ததற்கு வண்டி என்ன செய்யும்? உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீரிங் மேல் ஒட்டிக்கொண்டால் முடிந்தது. டேங்க் காலி செய்ய இருபது நிமிடம், முதலில் பிளாக், பிறகு குளித்த, கழுவிய தண்ணீர் சேர்கிற கிரே, அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். என் வீட்டுக்காரர் மூன்றாவது நாளில் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தார்.

நடுவழி:
இரண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒன்பது இரவில் ஆறு இடம் என்பதுதான் எனக்கு உதைக்கிறது. பிரைஸிலிருந்து மோவாப் மட்டும் 270 மைல், அங்கிருந்து திரும்பி வரவே ஒரு நாள். ஜூன் கடைசியில் மோவாபில் மதியம் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். ஆர்ச்சஸில் உள்ள டெலிகேட் ஆர்ச் பாறை வளைவுக்குப் போகிற ஏற்றத்தில் நிழலே இல்லை, முழங்கால் வலியோடு அம்மா ஏற மாட்டார். அவருக்காக அங்கே போவதில் அர்த்தம் இல்லை.

பயணத்துக்கு உருப்படியான ஒரு விஷயம்: அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, ஆனால் நவஹோ நிலத்தில் உண்டு. யூட்டாவிலும் உண்டு. பேஜ் அரிசோனா நேரத்தில் ஓடும், பக்கத்து யூட்டா, நவஹோ நிலக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்தால் போன் ஒரு மணி நேரம் முன்னே காட்டும். இரண்டு நாள் அலாரம் ஒரு மணி முந்தியே அடித்ததில் பாட்டி தாத்தா எல்லோரும் குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தோம், ஆன்டிலோப் கேன்யன் வழிகாட்டி தூங்கிக்கொண்டிருந்திருப்பார். மூத்த பிள்ளை நாலாம் வகுப்பு என்றால் ஒரு வருட இலவசப் பாஸ் இருக்கிறது, வண்டியில் வருகிற குடும்பத்துக்கும் சேர்த்து. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான 80 டாலர் தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

தேரிக்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழையை வீட்டில் உரக்கப் படித்தேன். பிளாக் டேங்க் பத்தி வந்ததும் மனைவி எதுவும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள், அது தீர்ப்பு. ஆர்.வி. கம்பெனிக்குப் போன் செய்து தோள் பெல்ட் எத்தனை இருக்கை என்று கேட்டேன், முன்னால் இரண்டு மட்டும்தானாம். சின்னவனை நினைத்தால், வேண்டாம் என்று சொல்ல அதுவே போதும்.

மோவாபை வெட்டிவிட்டோம். யூட்டாவில் கேனாப் என்கிற ஊரில் சமையலறை உள்ள வீடு நாலு இரவு. அங்கிருந்து ஸயான், பிரைஸ், பேஜ் மூன்றும் காலையில் போய் இரவு திரும்புகிற தூரம், வேனுக்குச் சுரங்கப் பாதையும் திறந்திருக்கிறது. பிறகு மானுமெண்ட் வேலி இரண்டு, கிராண்ட் கேன்யன் மூன்று. படங்களைக் காட்டியபோது அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம தேரிக்காடு மாதிரி செக்கச்செவேல்னு இருக்கு, பனைமரந்தான் இல்ல" என்றார். போகலாமா வேண்டாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் அங்கே நுங்கு கிடைக்காதே என்றார்.

ரசச்சட்டி:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பெல்ட் இல்லாத வண்டியில் சின்னவனை ஏற்றச் சொல்ல மாட்டேன். கேனாபில் குக்கர் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இருக்காது. உங்களுடையதை எடுத்துப் போங்கள். பிரைஸ் விளிம்பு 8000 அடிக்கு மேல், அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கேனாபும் கிட்டத்தட்ட 5000 அடி. சும்மா பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கப் போனால் விடிந்துவிடும்.

மைல்கல்:
கேஸ்கட் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.