மறு: ஊர் உப்பு ஏன் கசக்குது?

அன்பின் ஊரவர்களுக்கு,

ரொறொன்ரோவிலிருந்து வந்த கேள்விக்கு வெள்ளவத்தையிலிருந்து பதில். புத்தளத்து உப்பு கசந்தால் பிழை களப்பில் இல்லை. எந்தத் தண்ணியை எப்ப வடித்தார்கள் என்பதில்தான்.

ஒரு லீட்டர் கடல்தண்ணியில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. நாம் சாப்பிடுவது அதில் 27 கிராம்தான். கசப்பு மக்னீசியத்தால் வருவது. பெரிய தேக்கங்களில் காயும்போது முதலில் சுண்ணாம்பு படியும். உப்புத்தண்ணியின் அடர்த்தியைப் பாகையில் காட்டும் போமே மானியில் 13, 15 என்று ஏற, ஜிப்சம் அடியில் பொருக்காகக் கட்டும். அது அங்கேயே தங்க வேண்டும். 25 பாகை தொட்ட பிறகுதான், அதாவது 100 லீட்டர் சுண்டிப் 10 லீட்டரான பிறகு, உப்புப் பாத்திக்குத் திறக்கலாம். 20இல் திறந்தால் ஜிப்சமும் சேர்ந்து வரும். உப்பைக் கரைத்துப் பாருங்கள், அடியில் வெள்ளை மண்டி நிற்கும்.

29 தாண்டினால் மிஞ்சுவது கசப்புத் தண்ணி. அதை வெளியே வடிக்காமல் மேலே புதுத் தண்ணி விட்டால் இன்னொரு தடவை உப்பு வாரலாம், உண்மைதான். ஆனால் மக்னீசியம் பளிங்குகளுக்கிடையில் தங்கிவிடும். மழை இருட்டினால் வடிய நேரம் கொடுக்காமல் வாருவதும் இப்படித்தான் முடியும். மழைப் பயத்தையும் குறை சொல்ல ஏலாது: ஒரு லீட்டர் மழைத்தண்ணி 350 கிராம் உப்பைக் கரைக்கும். 10 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு சதுர மீற்றரில் மூன்றரைக் கிலோ வரை போகலாம்.

வாரின உப்பை வரம்பில் குவித்துக் கிடுகு வேய்ந்து மாதக்கணக்கில் விட்டது மழைக்கு மட்டும் அல்ல. மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே நீராகிக் கீழே வடியும். பழைய குவியலுக்கு மதிப்பு இருந்தது அதனால்தான்.

அளம் என்றால் உப்பு விளையும் இடம்; 'புது அளம்' புத்தளமானது என்று ஊரில் சொல்வோம். ஒல்லாந்தர் 1766 உடன்படிக்கையில் கரையோரத்தைப் பிடுங்கியபோதும், கண்டி இராச்சியத்தார் புத்தளம், சிலாபம் அளங்களில் உப்பெடுக்க இடம் விட வேண்டியிருந்தது. மலைநாட்டில் கடல் ஏது?

புறக்கோட்டையில் கல்லுப்பு வாங்குகிறவர்கள் ஒரு பிடியைத் துணியில் முடிந்து இரவு தொங்கவிடுங்கள். சொட்டுகிற தண்ணியை நாக்கில் வையுங்கள். கசந்தால், வடியாத உப்பு.