மறு: ஈசிஎம் என்னும் பெட்டிக்கு ஒரு பெயர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளைத் தாமே பழுதுபார்க்கும் வட அமெரிக்கத் தமிழர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியான ஈசிஎம் பழுதானால் அதை மாற்றும் இயலை எழுதத் தொடங்கியபோதுதான் அந்தப் பெட்டியை எந்தப் பெயரால் அழைப்பது என்று கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளில் மூன்று ஒரே அச்சில் வார்த்தவை: மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு, மின்னணுக் கட்டுப்பாட்டுக் கூறு, மின்னணுக் கட்டுப்பாட்டுத் தொகுதி. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றின் நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்துக்கு எழுத்துப் பெயர்க்கும் அந்த வழியே இந்தப் பெட்டிக்குப் பொருந்தவில்லை என்பதே என் தயக்கம்.

நான் கையேட்டுக்கு எடுத்துக்கொண்டது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1988ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட செவ்ரோலெட், ஜிஎம்சி பிக்கப் வரிசை. அந்தக் காலத்துப் பணிமனை நூல்களில் ஈசிஎம் ('எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்யூல்') என்பதன் முதல் எழுத்து 'எலக்ட்ரானிக்'கைக் குறித்தது. பின்னர் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் ஜே1930 என்னும் சொல் தரத்தைக் கொண்டுவந்தபோது அதே எழுத்து 'எஞ்சின்' ஆகிவிட்டது. கியர்பாக்ஸையும் இதே பெட்டி ஆளத் தொடங்கியதும் அது பிசிஎம் ('பவர்டிரெய்ன் கன்ட்ரோல் மாட்யூல்') ஆயிற்று. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வேலையும் இதனோடு சேர்ந்த பிறகு, இதே பிக்கப் வரிசையில் விசிஎம் ('வெஹிக்கிள் கன்ட்ரோல் மாட்யூல்') என்று ஒரு பெயரும் வந்தது. ஆங்கில விரிவைப் பின்தொடர்ந்தால் ஒரே பெட்டிக்குத் தமிழில் நான்கு பெயர் சூட்ட வேண்டியிருக்கும். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் ஐந்தாவதாக 'கம்ப்யூட்டர்' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

பழைய உதிரிச் சந்தையில் வாங்கிய ஒரு பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. வண்டியில் இது பயணி பக்கத்தில், கையுறைப் பெட்டி என்று நாம் சொல்லும் சிறு அறைக்குப் பின்னால் இருக்கும். அலுமினிய உறை, ஒரு முனையில் கம்பிக்கற்றைகள் வந்து சேரும் இணைப்பிகள், வேறொரு பக்கத்தில் திருகாணியால் மூடிய ஒரு சிறு வாசல். அந்த வாசலைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பிடி ஒன்றில் பொருத்திய நினைவகச் சிப் தெரிகிறது. மொத்தம் நான்கு கிலோபைட்டுதான். ஆனால் வண்டியில் இருப்பது 4.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினா, 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினா என்பதைப் பெட்டிக்குச் சொல்வது இந்தச் சிப்தான். பெட்டி பல எஞ்சின்களுக்குப் பொது. சிப் அந்தந்த வண்டிக்கு உரியது. ஆகவே மாற்றுப் பெட்டி வாங்கினால் அது சிப் இல்லாமலே வரும், பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் நாம்தான் பொருத்த வேண்டும். அதைத் திசை மாற்றிப் பொருத்திச் சாவியைத் திருப்பிவிட்டால் சிப் அந்தக் கணமே கெட்டுப்போகும்.

'கட்டுப்படுத்தி' என்ற பரிந்துரையை நான் தள்ளுவதும் இதனால்தான். நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்) என்ற சொல்லைச் சிப் ஒன்றுக்கு நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இனி 'கட்டுப்படுத்தியைக் கழற்றுக' என்று எழுதினால் படிப்பவர் பெட்டியைக் கழற்றுவாரா, சிப்பைக் கழற்றுவாரா? 'அலகு' இன்னும் சிக்கலானது. புதிய பெட்டியைப் பொருத்துவதற்கு முன், அது இயக்கும் சோலனாய்டு, ரிலே ஆகிய மின்காந்தக் கருவிகளின் சுருள்களில் மின்தடையை அளந்து, 20 ஓமுக்குக் குறைந்தவற்றை மாற்றிவிட வேண்டும் என்பது பழைய பணிமனை நூல்களின் விதி (எரிபொருள் தெளிப்பான்கள் இதில் சேரா, அவற்றின் மின்தடை இயல்பாகவே மிகக் குறைவு). பழைய பெட்டியைக் கொன்ற சுருள் புதியதையும் கொன்றுவிடும் என்பதால் இந்த விதியை நான் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். ஓம் என்னும் அலகும் பெட்டி என்னும் அலகும் ஒரே வரியில் வந்தால் யாரால் படிக்க முடியும்? 'தொகுதி' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 'பழுதான தொகுதியை மாற்றுவது எப்படி' என்ற தலைப்பைப் பார்ப்பவர் தேர்தல் செய்தி என்றே நினைப்பார். நண்பர் ஒருவர் சுருக்கமாகக் 'கட்டுப்பெட்டி' என்றும் எழுதியிருந்தார். வீட்டில் அதை உரக்கப் படித்தேன். யாரைச் சொல்கிறாய் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

என் முன்மொழிவு 'நெறிப்பெட்டி'. நெறிப்படுத்துதல் என்ற வினை எல்லோருக்கும் தெரியும். ஆய்வேட்டுக்கும் விவாத மேடைக்கும் நெறியாளர் இருக்கிறார். எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் பொறி என்று எஞ்சினை நெறிப்படுத்துவதுதான் இதன் வேலை. பெட்டி என்பதை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி என்று சொல்லிப் பழகிய நமக்கு அது அந்நியமாகாது, முழுதாகக் கழற்றி முழுதாக மாட்டும் பொருள் இது என்பதையும் உடனே சொல்லிவிடும். வேலை விரிந்தால் முன்னொட்டு மட்டும் மாறும்: எஞ்சின் நெறிப்பெட்டி, கியர் நெறிப்பெட்டி, பிரேக் நெறிப்பெட்டி. தொடையிடுக்கில் நெறி கட்டுவது நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரும், ஆனால் நெறிமுறை என்ற சொல்லைப் படிக்கும்போது யாரும் தொடையைத் தடவிப் பார்ப்பதில்லை.

சிப்புக்கு 'இசைவுச் சில்லு' என்று எழுதியிருக்கிறேன். அதில் இருக்கும் தரவை 'அளவுத்திருத்தம்' என்று சொன்னால், பிழையான கருவி ஒன்றைத் திருத்துவது போன்ற பொருள் வந்துவிடுகிறது. இங்கே பிழை எதுவும் இல்லை. பொதுவான பெட்டியைக் குறிப்பிட்ட எஞ்சினுக்கு இசைவாக்கும் எண்கள் மட்டுமே இருக்கின்றன.

மேலும் இரண்டு சிறு சொற்கள். மாற்றுப் பெட்டி விற்பவர்கள் பழையதைத் திருப்பித் தரும்வரை பிடித்துவைக்கும் 'கோர்' தொகைக்குப் 'பழையதன் முன்பணம்' போதும் என்று நினைக்கிறேன். சோடா பாட்டிலுக்குக் கடையில் டெபாசிட் கட்டிய தலைமுறைக்கு அதை விளக்க வேண்டாம். பெட்டி அரைகுறையாகச் செயலிழந்தாலும் வண்டி எப்படியோ வீடு சேரும்படி எஞ்சின் ஓடும் நிலைக்கு 'ஒப்பேற்று நிலை'. இந்த இரண்டிலும் எனக்கு வலுவான பிடிவாதம் இல்லை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

வணக்கம் ஐயா.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது ஸ்காபரோவில் வாகனம் திருத்தும் தொழில் செய்கிறேன். இந்தக் குழுமத்தில் வழக்கமாக வாசிப்பதோடு நின்றுவிடுவேன். உங்கள் மடலில் ஒரு சொல் என்னை எழுத வைத்துவிட்டது. எங்களுக்குச் சில்லு என்றால் வண்டிச் சக்கரம். 'பழைய சில்லைக் கழற்றிப் புதியதில் பொருத்துக' என்று எழுதினால் என்னிடம் வேலை பழகும் பெடியன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போவான். கணினி நூலில் சில்லு என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை; வாகன நூலில் அது ஆபத்து.

நெறிப்பெட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஆளி' என்று முடியும் சொல் எதையும் நீங்கள் எடுக்காததற்கும் நன்றி, ஏனெனில் சுவிட்சை நாங்கள் ஆளி என்கிறோம். மின்னணு என்பதும் எங்கள் பாடநூல்களில் இலத்திரனியல். உங்கள் பெயரில் இரண்டுமே இல்லாததால் அந்தச் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

தொழில் பக்கமாக ஒரு குறை சொல்ல அனுமதியுங்கள். பெட்டியை மாற்றும் முறையைத் தெளிவாக எழுதுகிறீர்கள், ஆனால் பெட்டிதான் பழுது என்று முடிவுகட்டும் இடம் எங்கே? என்னிடம் 'பெட்டி போய்விட்டது' என்று கொண்டுவரப்படும் வாகனங்களில் பலவற்றில் எர்த் வயரின் முனை துருப்பிடித்திருக்கும், அல்லது பியூஸ் வழியாகப் பெட்டிக்கு மின்சாரமே வந்திராது. அவ்விரண்டையும் பார்க்காமல் பெட்டி வாங்குபவர், பணத்தையும் கொடுத்துவிட்டு அதே பழுதோடு நிற்பார். நீங்கள் 'புவித்தொடர்' என்று எழுதாமல் 'எர்த்' என்றே எழுதிவிடுங்கள். வாகனத்தில் புவி ஏது, பட்டறியின் எதிர்முனையும் உடற்சட்டமும்தானே இருக்கின்றன.

* * *

மதிப்பிற்குரிய நண்பருக்கு,

சில்லு விஷயத்தில் என் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறேன். இரு கரையிலும் படிக்கப்படும் வாகன நூலில் சிப் என்றே இருக்கட்டும், ஆகவே அது இனி 'இசைவுச் சிப்'. எர்த் பற்றி நீங்கள் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அந்த இயலின் வரிசையையே மாற்றிவிட்டேன். புதிய தொடக்கத்தைக் கீழே தருகிறேன், சொற்கள் வேலை செய்கின்றனவா என்று உங்கள் பணிமனையில் வேலை பழகும் தம்பியிடம் படித்துக் காட்டிப் பாருங்கள்.

'எஞ்சின் விளக்கு எரிகிறது என்பதற்காக நெறிப்பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டுக்கு அடியில் பன்னிரண்டு துளைகள் கொண்ட இணைப்பி இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் மேல்வரிசையின் வலக்கோடியில் இருக்கும் ஏ, பி ஆகிய இரண்டு துளைகளையும் ஒரு கம்பித்துண்டால் இணையுங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். விளக்கு ஒரு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னும். இது 12 என்னும் கோளாறு எண். எஞ்சின் சுழலவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள், பயப்பட வேண்டாம். ஒவ்வோர் எண்ணும் மூன்று முறை வரும். அடுத்து 51 வந்தால் இசைவுச் சிப்பைப் பாருங்கள்: அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கால் ஏதும் மடங்கியிருக்கிறதா. 55 வந்தால் நெறிப்பெட்டியின்மேல் ஐயப்படலாம். 12 என்னும் எண்கூட வராவிட்டால் பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று முதலில் அளந்து பாருங்கள். எது வந்தாலும், பெட்டியைத் தொடுவதற்கு முன் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.'

பட்டறி என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் பேட்டரி என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள்.