‘ஷேம்’: அங்கே நான் அதிகம் கேட்ட சொல்

பாலியல் நோய்க்கு டெஸ்ட் எடுக்கப் போன அனுபவத்தை இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள். ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், ஒரு பூர்வகுடி ஊரின் கிளினிக்கில் இரண்டு வருடம் நர்ஸ்.

உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோய்க்கான டெஸ்ட் என்றாலே அங்குள்ள பிள்ளைகள் ‘ஷேம்’ என்பார்கள். நம்முடைய ‘மானம் போச்சு’க்குப் பக்கத்தில் வரும் சொல். கிளினிக்கோ சின்னது. ரிசப்ஷனில் இருப்பவர் அத்தை முறை, வண்டி ஓட்டுகிறவர் மாமா முறை. யார் எந்த அறைக்குள் நுழைகிறார்கள் என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இது புரியாமல், வந்த புதிதில் ஒரு பையனிடம் வராந்தாவில் வைத்தே “ரிசல்ட் வந்திருக்கு, உள்ளே வா” என்றுவிட்டேன். தலையைக் குனிந்தபடி எழுந்து போனவன் மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்தின் வடமேற்கில் 2011-இல் தொடங்கிய சிபிலிஸ் பரவல் 2013-இல் எங்கள் பக்கம் வந்தது. பெரும்பாலும் 15 முதல் 29 வயதுக்காரர்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம் போதும், 15 நிமிடத்தில் டெஸ்ட் பட்டையில் முடிவைக் காட்டும் கோடு தெரிந்துவிடும். மருந்தும் பழைய பென்சிலின்தான். கர்ப்பிணிக்கு வந்து கவனிக்காமல் விட்டால் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகலாம். இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தடுத்தது ‘ஷேம்’தான்.

அதற்கு வழி சொன்னவர் அந்த ஊரிலேயே பிறந்த பூர்வகுடி ஆண் சுகாதாரப் பணியாளர். வருடாந்திர முழு உடல் பரிசோதனையோடு இதையும் சேர்த்தோம். காது, பிரஷர், சர்க்கரை, கூடவே சிறுநீர் டப்பா, விரல் குத்தல். எல்லாரும் எல்லாவற்றுக்கும் வருவதால் யார் எதற்கு வந்தார் என்ற பேச்சே எழவில்லை. பையன்களை அவரே பார்த்தார். ஆண்கள் விஷயத்தில் பெண் நுழைவது அங்கே முறையில்லை.

அந்தப் பையனும் வந்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்த பென்சிலின் கெட்டியாக இருக்கும், அப்படியே போட்டால் உயிர் போகிற வலி. இரண்டு ஊசிகளையும் உள்ளங்கையில் உருட்டிக் குளிர் போக்கிக் கொடுத்தேன். உள்ளே அவர் போட்டார்.

போகும்போது என்னைப் பார்க்காமலே கேட்டான்: “அவளையும் கூட்டிட்டு வரணும். பின்பக்கக் கதவு திறந்திருக்குமா?”

அன்று ராத்திரி எட்டு மணிவரை திறந்தே வைத்திருந்தேன். வந்தார்கள்.