நுகத்தடி வைத்தாலே செவலைக் காளை படுத்துக்கொள்கிறது

செம்மண் தோட்டம்:
மாடு பழக்கும் நேரடிப் பயிற்சிக்குப் போய் ஏரின் கைப்பிடியான மேழியைப் பிடித்து, வண்டியும் ஓட்டிப் பார்த்தேன். அங்கே இருந்ததெல்லாம் பழகிய எருதுகள். இப்போது வீட்டில் இருப்பது கண்ணபுரம் சந்தையில் வாங்கிய காங்கேயம் ஜோடி, இரண்டுமே இரண்டு பல் போட்ட இளங்காளைகள். சாம்பல் நிற மயிலை நடக்கிறது. செவலை, நுகத்தடி கழுத்தில் பட்டதும் முன்னங்காலை மடக்கிப் படுத்துவிடுகிறது. வாலை முறுக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

கரைவழிக்காரன்:
வாலில் கை வைக்காதீர்கள் தம்பி. படுத்தால் நுகத்தை எடுத்துவிடுவார்கள் என்று அது தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். முதலில் திமிலுக்கு முன்னால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் ஆறும்வரை பூட்டவே வேண்டாம்.

கழுத்து சரியாக இருந்தால், இரண்டு பழகாத மாட்டையும் ஒன்றாகப் பூட்டுவதை நிறுத்துங்கள். ஏர் ஓடிய கிழட்டு எருது ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிச் செவலைக்கு ஜோடி சேருங்கள். எங்கள் அப்பாரு அப்படித்தான் பழக்குவார். வெயில் ஏறுமுன் வெறும் நுகத்தோடு இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடத்தில் நடத்துங்கள். படுத்தால் கழுத்தை நுகத்தோடு கட்டும் பூட்டாங்கயிற்றை மட்டும் உடனே தளர்த்துங்கள், இல்லாவிட்டால் தொண்டை இறுகும். நுகத்தை எடுக்காதீர்கள். பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். எழுந்து நாலு எட்டு வைத்ததும் அவிழ்த்துத் தட்டிக்கொடுங்கள். வலத்தை மாடு, அதாவது வலப்பக்க மாடு என்றால் என்றைக்கும் வலத்தைதான், மாற்றிப் பூட்டிக் குழப்பாதீர்கள். அப்புறம் சின்னக் கட்டை இழுக்கட்டும், பின்னால் வரும் சத்தம் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏர்.

ஊசிக்காரர்:
கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். இரண்டு பல் என்றால் இரண்டு, இரண்டரை வயது. நடை பழக்கலாம், பாரம் வேண்டாம். மாடு ஓட்டும் குச்சியில் ஆணி வைத்த தார்க்குச்சி, 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிப்படியே கூடாது. 37 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவும் கூடாது.

செம்மண் தோட்டம்:
நன்றி அண்ணா, டாக்டர் சார். தெற்கு வளவில் ஒரு எருது இருக்கிறது, கேட்கிறேன். வண்டிக்கு எப்போது?

கரைவழிக்காரன்:
ஆறு பல்லாவது போடட்டும். அதுவரை வெறும் வண்டி. பிறகு பாரம் ஏற்றும்போது அச்சுக்கு மேல் நிற்கிற மாதிரி ஏற்றுங்கள். முன்னால் சாய்ந்தால் கழுத்தை அமுக்கும். பின்னால் சாய்ந்தால் நுகம் தூக்கிக் கயிறு தொண்டையை அறுக்கும். மேட்டில் ஏறும்போது நீங்கள் இறங்கி நடந்துவிடுங்கள்.