பொருள்: ‘தற்காலிகக் கோப்பு’ என்ற ஒரே பெயர் போதாது

அன்புடையீர்,

அச்சுக்குப் போகவுள்ள நமது பாடக் கையேட்டில், வேர்ட் போன்ற சொல்முறை வழிப்படுத்தல் மென்பொருள்கள் உருவாக்கும் தற்காலிகக் கோப்புகளை ‘எச்சக் கோப்பு’ என்று அழைக்கலாம் என்ற வவுனியா ஆசிரியரின் மடலையும், சென்னை நண்பர் மாற்றாக முன்வைத்த ‘திறப்புக் கோப்பு’ என்ற சொல்லையும் கவனமாகப் படித்தேன். இரண்டுக்கும் உடன்பட என்னால் முடியவில்லை. இங்கே பெயர் வேண்டி நிற்பவை மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்யும் மூன்று கோப்புகள். அவற்றுள் ஒன்றை அழிக்கலாம், இன்னொன்றை அழிக்கவே கூடாது.

மைக்ரோசொப்ட் வேர்ட்டில் ஓர் ஆவணத்தைத் திறந்தவுடன், அதே கோப்புறையில் அலைக்குறியும் டொலர்க் குறியும் முன்னே நிற்க மிகச் சிறிய மறைகோப்பு ஒன்று தோன்றுகிறது. திறந்தவரின் பயனர் பெயர் அதற்குள் இருக்கும். வலையமைப்பில் வேறொருவர் அதே ஆவணத்தைத் திறக்க முயன்றால், இன்னார் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அறிவிப்பதற்கே அது உள்ளது. பெயர் நீளமாயின் வேர்ட் அதன் முதலிரண்டு குறியீடுகளை நீக்கிவிட்டு அவ்விடத்தில் இக்குறிகளை வைக்கும். யுனிகோட்டில் ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள் ஆதலால், ‘விண்ணப்பம்’ என்ற ஆவணத்துக்குப் பக்கத்தில் ‘~$ண்ணப்பம்’ என்று ஒன்று கிடக்கும். ணகரத்தில் தொடங்கும் சொல்லைத் தமிழில் கண்டிராத மாணவர்கள் அதை வைரஸ் என்றே எண்ணிவிடுகிறார்கள். வேர்ட்டைப் போன்றே ஆவணம் எழுத உதவும் லிப்ரே ஒபிஸ் முழுப் பெயரையும் அப்படியே விட்டு, முன்னும் பின்னும் குறிகளைச் சேர்க்கிறது. அந்த வழி தமிழுக்கு நல்லது.

இந்த மறைகோப்புக்குத்தான் சென்னை நண்பர் ‘திறப்புக் கோப்பு’ என்றார். வன்னியில் மட்டுமன்றி ஈழம் முழுவதிலும் திறப்பு என்றால் சாவி. அந்தப் பெயரைக் கேட்கும் கிளிநொச்சி மாணவர், ஆவணத்தைத் திறக்க அக்கோப்பு கட்டாயம் வேண்டும் என்று விளங்கிக்கொள்வார். ‘பூட்டுக் கோப்பு’ என்றால் கடவுச்சொல் நினைவுக்கு வரும். ஆகவே ‘காவற்கோப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். வயலில் நெல் நிற்கும்வரை யானைக்கும் பன்றிக்கும் கண்விழிக்கும் காவற்கொட்டிலை நம்மவர் அனைவரும் அறிவர். அறுவடை முடிந்து ஆளில்லாமற் போன பின்னும் சில வேளை கொட்டில் நின்றுவிடும். மின்சாரம் போய்விட்டாலோ, ஆவணத்தை மூடுமுன் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டாலோ, காவற்கோப்பும் அவ்வாறே தங்கிவிடுகிறது. வேர்ட் முற்றாக மூடப்பட்டதையும் வேறெவரும் அந்த ஆவணத்தைத் திறந்திருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்த பின் அதைத் தயங்காமல் அழிக்கலாம்.

சேமிக்கும் கணத்தில் புதிய வடிவத்தை முதலில் வேறு பெயரில் எழுதி, பிறகு பழையதன் இடத்தில் அமர்த்துவதற்காக உருவாகும் கோப்புக்கு ‘இடைக்கோப்பு’ போதும். அதில் விவாதத்துக்கு இடமில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. வேர்ட் தன் இயல்பமைப்பில் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை, சேமிக்கப்படாத மாற்றங்களை வேறொரு கோப்புறையில் ஏ.எஸ்.டி. என்ற நீட்சியுடன் எழுதிவைக்கிறது. ஆவணத்தைச் சேமித்து ஒழுங்காக மூடினால் அக்கோப்பு தானாக நீங்கும். திடீரென்று கணினி நின்றுவிட்டால் எஞ்சும். எஞ்சுவதாலேயே அது பயன்படுகிறது. அதை ‘எச்சம்’ என்று அழைத்தால், கழிவு என்று சொல்லி அழிக்கச் சொல்வதாகவே ஆகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், ஏ9 வீதியோரக் கொமினிகேசன் (தொலைபேசி, தட்டச்சுச் சேவைக் கடை) ஒன்றில் உயர்தர மாணவியொருவர் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த செயற்றிட்ட அறிக்கை பாதியில் நின்றுபோனது. மின்சாரம் மீண்டதும், ஆவணம் வேறொருவரின் பயன்பாட்டில் இருப்பதாக அறிவிப்பு வந்தது. கடைக்காரத் தம்பி உதவும் எண்ணத்துடனேயே “எல்லாம் டெம்ப் ஃபைல்தான் அக்கா” என்று சொல்லி, காவற்கோப்பையும் மீட்டிருக்கக்கூடிய கோப்பையும் சேர்த்தே அழித்துவிட்டார். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வழக்கில் இருந்திருந்தால் அவருடைய கை ஒரு கணம் நின்றிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் இதற்கு ‘மீட்புக் கோப்பு’ என்பதே பெயராக வேண்டும்.

‘தற்காலிகக் கோப்பு’ ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். மூன்றுக்கும் பொதுப்பெயராக அது இருக்கட்டும். இனி முடிவுசெய்ய வேண்டியது எழுத்துமுறை ஒன்றே. பாடக் கையேட்டில் ‘காவற்கோப்பு’ என்று புணர்த்தே எழுதலாம். மென்பொருளின் இடைமுகத்தில், ‘கோப்பு’ என்று தேடுபவருக்கும் ‘காவல்’ என்று தேடுபவருக்கும் அகப்படும்படி ‘காவல் கோப்பு’ என்று பிரித்து எழுதுவதையே விரும்புகிறேன். மாற்றுக் கருத்துடையோர், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.